தொட்டிட்டாவது போ

இன்று ஃபிரீசரில் ஐஸ் கட்டிப்போயிருந்ததால் அதை அணைத்துத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. மேல் தட்டில் பட்டாணிப் பைகள், முருங்கைக்காய்த் துண்டுகள், மலிவு விலை என்று அப்பா வாங்கிக் குவித்த மீன். எல்லாவற்றையும் எடுத்துப் பால்கனியில் வைத்தேன். வெளியே அந்த அளவுக்குக் குளிர். கடைசித் தட்டின் பின்மூலையில் அந்த நீல மூடிப் பெட்டி இருந்தது. திறக்காமலே தெரியும், உள்ளே கொழுக்கட்டை. ஆனாலும் திறந்தேன். உறைந்த பொருளுக்கு மணம் இருக்காது என்று நினைத்திருந்தேன். சற்று நேரம் கையில் வைத்திருந்ததும் ஏலக்காய் வாசம் மெல்ல எழுந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் மடல் இது. தமிழில் எழுதுகிறேன். நாம் பேசியதெல்லாம் ஜெர்மனில்தான். அம்மா பரிமாறும்போது நீ சொல்லும் 'ஓம் அன்ரி', 'காணும் அன்ரி' என்ற இரண்டையும் தவிர உனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜெர்மனில் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பள்ளிக் கட்டுரை வந்துவிடுகிறது: முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை. உன்னிடம் அப்படிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் நீ வந்தாய். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நீ மஞ்சள் முக்காடு அணிந்து, உன் அளவைவிடப் பெரிதான யாரோ ஒருவரின் குளிர்ச்சட்டைக்குள் நின்றாய். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். இடைவேளையிலும் புத்தகம் படிக்கிற பெண்ணின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? நீ உட்கார்ந்ததும் என் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாய். "முடித்துவிட்டு எனக்குத் தருவாயா? எனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும்" என்றாய். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன்.

உன் அப்பா சுரங்கங்களில் தேங்கும் நீரைப் பற்றி ஆராய இங்கே டோர்ட்மண்டுக்கு வந்திருந்தார். உன் ஊர் இந்தோனேசியாவில், போர்னியோத் தீவின் கிழக்கே, மகாகம் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு நிலக்கரி மாவட்டம். இங்கே நிலக்கரி முடிந்துபோன கதை. அங்கே அது ஒவ்வொரு நாளும் நடக்கிற கதை. புவியியல் ஆசிரியை நம் இருவரையும் சேர்த்து வகுப்பின் முன்னால் ஒரு ரெஃபராட் பேசச் சொன்னபோது, தலைப்பைத் தேட வேண்டியே இருக்கவில்லை.

உன் படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கடல் போல அகன்ற பழுப்பு நிற ஆறு. அதில் ஒரு சின்ன இழுவைப் படகு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய தெப்பத்தை இழுத்துப் போகிறது. தெப்பத்தின் மேல் நிலக்கரி, கறுப்புக் குன்று போல. "எங்கள் ஊரில் மலைகள் நடந்து போகும்" என்று நீ சொன்னபோது வகுப்பு சிரித்தது. பிறகு திருவிழாப் படங்கள். துணியால் செய்த நீளமான நாகத்தைப் படகில் ஏற்றி ஆற்றோடு அனுப்பிவிட்டு, ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நாள். அன்றைக்கு யார் மேல் யார் ஊற்றினாலும் கோபிக்கக் கூடாதாம். "அதிகாரி மேலும் ஊற்றலாமா?" என்று முன் வரிசையில் ஒருவன் கேட்டான். "அவருக்குத்தான் முதல் வாளி" என்றாய்.

அடுத்த படம் ஒரு ஏரி. நீலமும் பச்சையும் கலந்த நீர், சுற்றிலும் சிவந்த மண். "எவ்வளவு அழகு! நீந்தலாமா?" என்று பல குரல்கள். "அது ஏரி இல்லை. நிலக்கரி எடுத்துவிட்டு மூடாமல் போன குழி. உள்ளே உயிருள்ள எதுவும் இல்லாததால்தான் அந்த நிறம்" என்றாய்.

அடுத்து என் முறை. நம் நகரத்துக்கு அடியில் இன்னும் இயந்திரங்கள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன, நிறுத்தினால் இந்தப் பக்கமெல்லாம் மூழ்கும், அதனால் ஒருபோதும் நிறுத்த முடியாது என்று நான் படித்துவைத்ததைச் சொன்னேன். நான் வந்து உட்கார்ந்ததும் நீ என் காதில் சொன்னாய்: "நீங்கள் தண்ணீரை வெளியே இறைத்தபடியே இருக்கிறீர்கள். நாங்கள் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுப் போகிறோம்." அதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது உனக்கு" என்றாய்.

எங்கள் வீட்டுக்கு நீ முதலில் வந்த நாளை அம்மா இன்றைக்கும் அப்படியே சொல்லுவா. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நீ வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா தட்டில் வடையோடு ஓடி வந்தா. நீ சிரித்தபடி ஆள்காட்டி விரலால் ஒரு வடையைத் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்தாய்.

"என்ன பிள்ளை, சூடு பாக்கிறாவோ?" என்று அம்மா என்னைக் கேட்டா.

நீ விளக்கினாய், நான் தமிழில் சொன்னேன். உங்கள் ஊரில் ஒருவர் சாப்பாடோ குடிக்க ஏதாவதோ நீட்டினால், வேண்டாம் என்று அப்படியே போய்விடக் கூடாது. நேரமில்லாவிட்டால் தொட்டாவது போக வேண்டும். தொடாமல் போனவருக்குப் போகும் வழியில் ஏதாவது நடக்கும். பாம்பு, மரம் விழுதல், ஆறு, எதுவாகவும் இருக்கலாம். அதற்குக் 'கெபுஹுனான்' என்று பெயர். கோப்பிக்கும் அரிசிப் பலகாரத்துக்கும் இது இன்னும் கடுமை.

அம்மா தட்டோடு வாசல் படியிலேயே இருந்துவிட்டா. "அது சரிதான். சண்டைக்குள்ள நாங்கள் ஊரை விட்டு ஓடேக்க உலையில சோறு கிடந்தது. ஒரு பருக்கை தொடேல்லை. பிறகு பட்ட பாடு தெரியும்தானே."

"அது செல்லடியில பட்ட பாடு. சோத்தாலயோ?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு எல்லாம் பகிடி."

அப்பாவுக்கு உன்னிடம் பிடித்தது வேறு. உன் மாவட்டத்தில் கிடைத்த பழைய கல் தூண்களின் படத்தைக் காட்டினாயே, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலானவை, தென்னிந்தியாவிலிருந்து வந்த எழுத்தில் செதுக்கியவை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"இந்த எழுத்து எங்கட பக்கத்து எழுத்தெல்லோ! அப்ப உங்கட ராசா எங்கட ஆள்தான். அவவுக்குச் சொல்லு."

சொன்னேன். நீ யோசிக்காமல் சொன்னாய்: "ராசா எங்கள் ஆள்தான். எழுத்து மட்டும்தான் உங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது."

"இவவோட கதைச்சு வெல்லேலாது" என்று அப்பா தோற்றதில் மகிழ்ந்துபோனார்.

அதன் பிறகு நீ புறப்படும்போதெல்லாம் அம்மாவின் கையில் ஏதாவது இருக்கும். "தொட்டிட்டாவது போ, பிள்ளை." நீ விரலை நீட்டுவாய். ஒருமுறை பேருந்து வந்துவிட்டது, அம்மா வீட்டுச் செருப்போடு கரண்டியில் பாயாசத்தை ஏந்திக்கொண்டு தரிப்பிடம் வரை ஓடி வந்தா. ஓட்டுநர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நீ படியில் நின்றபடியே தொட்டாய். நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் உன்னிடம் கேட்டேன், உண்மையாகவே இதை நம்புகிறாயா என்று. "நம்புகிறேனா தெரியாது. ஆனால் தொட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாய்.

சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உருவான அந்தக் குன்றுக்கு நாம் சனிக்கிழமைகளில் ஏறுவோம். இப்போது அங்கே புல்லும் மரமும் வந்துவிட்டன, ஆட்கள் நாய்களோடு ஓடுகிறார்கள். உச்சியில் நின்று உன் ஊர் எந்தத் திசை என்று கை நீட்டுவாய். ஒவ்வொரு முறையும் வேறு திசை. "எங்கள் ஊர்க் குழிகளும் ஒருநாள் இப்படி ஆகுமா?" என்று கேட்டாய். புத்தகத்தில் படித்ததை வைத்து நான் ஏதோ நீளமாகப் பதில் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். என்னை நடுவில் நிறுத்தாமல் கேட்ட ஒரே ஆள் நீ.

உன் அப்பாவின் ஆராய்ச்சி முடிந்தது. கோடை விடுமுறையில் போகிறோம் என்று நீ வகுப்பில் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாய். புறப்படும் நாளுக்காக அம்மா விடியும் முன் எழுந்து கொழுக்கட்டை அவித்தா. "ரோல்ஸ் எண்டா இறைச்சி, அது ஹலாலோ என்னவோ. பயறும் தேங்காய்ப்பூவும் எண்டா ஆருக்கும் பயமில்லை." அரிசிப் பலகாரத்துக்கு அந்த நம்பிக்கை இன்னும் கடுமை என்று நீ சொன்னதையும் அம்மா மறந்திருக்கவில்லை.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் எல்லாம் பிழையாகப் போனது. நாங்கள் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. ஓடிப் போனபோது நீங்கள் பாதுகாப்புச் சோதனை வரிசையில், பட்டி கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். நீ எங்களைக் கண்டு பைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். அம்மா பெட்டியைத் திறந்து தடுப்புக்கு மேலால் நீட்டினா. உன் அம்மா உன் பின்னாலேயே வந்து நின்றார், வரிசையிலிருந்து உன் அப்பா கூப்பிட்டார், சீருடை போட்ட பெண்மணி "முன்னே போங்கள், முன்னே போங்கள்" என்றா. பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். அவர் விலகியபோது நீ கையசைத்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தாய். பெட்டி அம்மாவின் கையிலேயே இருந்தது.

"தொட்டவவே?" என்று அம்மா கேட்டா.

எனக்குத் தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி முழுக்க நனைந்திருந்தது.

"தொடேல்லை. கை எட்டேல்லை. நான் பாத்தனான்" என்று அம்மாவே சொல்லிக்கொண்டா. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை ஃபிரீசரில் வைத்தா. "எப்பவாவது திரும்பி வருவாதானே, அப்ப தருவம்."

உங்கள் ஊரில் மழைக்காலம் தொடங்கியபோது உன் அப்பாவிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. ஜெர்மனில், பிழையே இல்லாமல், மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில், மாமா ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் நீ. களிமண் ஒட்டிய சாலை, எதிரே நிலக்கரி லொறி. மாமா பிழைத்துக்கொண்டார். நான் அதை இருமுறை வாசித்துவிட்டு அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அழவில்லை. நேரே போய் ஃபிரீசரைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்தா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டை விட்டு யாரும் வெறுங்கையோடு வெளியேற முடிவதில்லை. பொதி கொண்டுவரும் பையன், மேல் வீட்டு மூதாட்டி, எல்லோருக்கும் ஒரு தட்டு. சூடாக்கி மீற்றரை வாசிக்க வந்த மனிதர் வேலை நேரத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று மறுத்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றா. "தொடச் சொல்லு. அந்த அண்ணையைத் தொடச் சொல்லு." நான் முகம் சிவக்க, சாப்பிட வேண்டாம், விரலால் தொட்டால் போதும், நீங்கள் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மிகவும் கவனமாக ஒரு பிஸ்கட்டைத் தொட்டார். "க்ளூக் அவுஃப்" என்று சொல்லித் தொப்பியைத் தூக்கினார்.

"என்னவாம்?"

"சுரங்கத்துக்குள்ள போற ஆக்களுக்குச் சொல்லுறது, அம்மா. பத்திரமா மேல வாங்கோ எண்டு."

"பாத்தியே. இஞ்சையும் இருக்கு."

அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்துவிட்டேன். உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன். பள்ளியில் உன் இருக்கையில் இப்போது என் பை இருக்கிறது. குன்றுக்குத் தனியாக ஏறிப் பார்த்தேன். திசை காட்ட ஆளில்லாமல், மேலே ஏறியதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இன்று காலை நான் தரையில் பெட்டியோடு இருந்ததை அம்மா பார்த்துவிட்டா. "எறிஞ்சுபோடாதை" என்றா. நான் எறிய நினைக்கவேயில்லை. ஒவ்வொரு கொழுக்கட்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், எதிலாவது உன் விரல் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று. உனக்குச் சிரிப்பு வரும். கொழுக்கட்டையின் ஓரம் முழுக்க விரல் அடையாளம்தானே. எல்லாம் அம்மாவுடையது.

அம்மா மெலிந்துவிட்டா. பயறு வறுக்கிற மணம் எங்கள் வீட்டில் வந்து மாதங்களாகின்றன. உன்னைக் கொன்றது லொறியும் மழையும் என்று அப்பா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அம்மா 'ஓம்' என்பா. பிறகு, "எண்டாலும் நான் இன்னும் கொஞ்சம் கையை நீட்டியிருக்கலாம்" என்பா. பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் உன் அம்மா. மகளை இழந்தவரிடம் போய் இதைக் கேட்கலாமா? பால்கனிக் கதவருகே நெடுநேரம் நின்றேன். பிறகு அழைத்தேன்.

அங்கே பிற்பகல். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் முதலில் வந்தது, பிறகு முகம். 'தாந்தே' என்று கூப்பிட்டேன். அன்ரிக்கு ஜெர்மன் சொல்தான், ஆனால் உங்கள் ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். சுகம் கேட்டேன். குளிரைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டுவிட்டேன்: அன்றைக்கு விமான நிலையத்தில், என் அம்மா நீட்டியதை அவள் தொட்டாளா?

உன் அம்மா தெரிந்த ஜெர்மனையெல்லாம் தேடி எடுத்துப் பேசினார். "தொட்டாள். விமானத்தில் சாப்பாடு வந்தது. கை கழுவு என்றேன். மாட்டேன் என்றாள். விரலை என் மூக்கில் வைத்தாள். மணந்து பார் அம்மா, அன்ரி வீடு, என்றாள். நான் திட்டினேன். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்."

என் அம்மாவின் மனம் ஆறட்டும் என்பதற்காகச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. "அன்ரியிடம் சொல். அன்ரியுடையதைத் தொட்டாள்." பிறகு, என்னைப் பார்க்காமல்: "என்னுடையதைத்தான் தொடவில்லை. லொறி வந்த அன்றைக்குக் காலை கோப்பி ஊற்றி வைத்தேன். மழை, நேரமாகிவிட்டது. வந்து குடிக்கிறேன் என்று ஓடினாள்."

பொய் சொல்ல வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உன்னைக் கொன்றது லொறியும் மழையும் களிமண்ணும் என்பது உன் அம்மாவுக்கும் தெரியும். அவர் கண்ணைத் துடைத்தார். விருந்தாளி வந்து இவ்வளவு நேரமாகியும் எதுவும் கொடுக்கவில்லையே என்பது போலத் திரும்பி, மேசையிலிருந்த தன் கோப்பிக் கோப்பையை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டினார். "குடி, பிள்ளை" என்பதை உங்கள் மொழியில் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தெரியும், உன் வீட்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். நான் கைபேசியின் கண்ணாடியில், கோப்பை தெரிந்த இடத்தில், விரலை வைத்தேன். எடுத்து உதட்டில் வைத்தேன். உன் அம்மா சிரித்தார். உன் முன்பல் போலவே அவருக்கும் ஒன்று சற்றுச் சாய்ந்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா சமையலறை வாசலில் துணியைப் பிழிந்தபடி நின்றா. நாங்கள் ஜெர்மனில் பேசியது அவவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

"என்னவாம்?"

"தொட்டவவாம், அம்மா. பிளேனில கை கழுவ மாட்டன் எண்டு நிண்டவவாம். உங்கட மணம் போயிடும் எண்டு."

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தா. "கழுவாமலே நித்திரை கொண்டவ? ஊத்தைப் பிள்ளை" என்றா. சிரித்தா. பிறகுதான் அழுதா. இத்தனை மாதமும் வராத அழுகை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து நீத்துப்பெட்டியை அடுப்பில் வைத்தா. நீலப் பெட்டியிலிருந்த கொழுக்கட்டைகள் ஒவ்வொன்றாக ஆவிக்குள் போயின. இவ்வளவு நாள் உறைந்ததைச் சாப்பிடலாமோ என்று அப்பா தொடங்கினார், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தோல் சற்று வெடித்திருந்தது, உள்ளே இனிப்பு அப்படியே இருந்தது. சாப்பிடும்போது அம்மா கேட்டா:

"தாய் மனுசி எப்பிடி இருக்கிறா?"

"கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தவ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அம்மா ஒரு பாரத்தை இன்றைக்குத்தான் இறக்கி வைத்திருக்கிறா. தன் கைக்கு எட்டாத தூரத்தில் இன்னொரு தாய் அதையே சுமப்பது தெரிந்தால், அதையும் எடுத்துக்கொள்ளுவா. அதனால் உன் வீட்டு மேசையில் ஆறிப்போன அந்தக் கோப்பி இனி என்னிடம் இருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை நான் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊர் வழக்கம் எனக்கு முழுதாகத் தெரியாது. ஒருவர் தொடாமல் விட்டுப்போனதை, நாள் கடந்து, வேறொருவர் அவருக்காகத் தொட்டால், அது அவருக்குச் சேருமா? கண்ணாடி வழியாகத் தொட்டாலும்? எந்தப் புத்தகத்தில் தேடுவது என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்தபடி சொல்லியிருப்பாய். நான் தொட்டுவிட்டேன். தொட அதிக நேரம் ஆகவில்லை.